குறைந்த விலையில் விளையாட்டு மடிக்கணினி: தென்னாப்பிரிக்காவில் பார்த்து வாங்கும் முறை

தென்னாப்பிரிக்கக் கடைகளில் ‘கேமிங்’ என்ற அடைமொழியோடு விற்கப்படும் மடிக்கணினிகளின் விலை ஏறத்தாழ 14,000 ரேண்டில் தொடங்கி 60,000 ரேண்டையும் தாண்டிச் செல்கிறது. அந்த வரிசையின் அடித்தட்டில், 14,000க்கும் 25,000க்கும் இடையில் ஒன்றைத் தேடும் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பகலில் கல்லூரிப் பாடத்துக்கும் மாலையில் விளையாட்டுக்கும் ஒரே கருவி போதும் என்று எண்ணுபவர்களுக்கு இந்த விலை பொருத்தமானதே. ஆனால் இந்த விலையில் எல்லாச் சிறப்பும் ஒருங்கே அமைந்த கருவி கிடைக்காது. எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதைக் கடைக்காரர் நமக்காக முடிவு செய்வதற்கு முன் நாமே முடிவு செய்துகொண்டு கடைக்குள் நுழைவது நல்லது.

வாங்கிய பிறகு மாற்ற முடியாத உறுப்புகளில் பணத்தைப் போடுங்கள், மாற்றக்கூடியவற்றில் சிக்கனம் பாருங்கள் என்பதே என் பரிந்துரை. ஆட்டத்தின் படங்களை வரையும் வரைகலைச் சில்லு மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதைப் பின்னாளில் மாற்ற வழியில்லை. குளிரூட்டும் அமைப்பும் அப்படியே. திரையை மாற்றலாம் என்றாலும் செலவு அதிகம். மாறாக, பெரும்பாலான விளையாட்டு மடிக்கணினிகளில் ரேம் எனும் பொது நினைவகத்தையும் எஸ்எஸ்டி எனும் சேமிப்பகத்தையும் ஒரு சிறிய ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு வீட்டிலேயே கூட்டிக்கொள்ள முடியும். ஆகவே 1 டெராபைட் சேமிப்பும் மங்கலான வரைகலைத் திறனும் கொண்ட கருவியைவிட, 512 ஜிபி சேமிப்பும் நல்ல வரைகலைச் சில்லும் கொண்ட கருவியே அதே விலையில் சிறந்த கொள்முதல்.

எந்த ஆட்டத்துக்காக வாங்குகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் விலைப்பட்டியலைப் புரட்டுவதில் பயனில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, வேலரன்ட், டோட்டா 2, ஃபோர்ட்நைட் போன்ற போட்டி ஆட்டங்கள் சாதாரணக் கணினிகளிலும் ஓட வேண்டும் என்ற எண்ணத்தோடு உருவாக்கப்பட்டவை. அவற்றுக்குப் பெரிய வரைகலைச் சில்லு தேவையில்லை. கால்பந்து, கிரிக்கெட், கார்ப் பந்தய ஆட்டங்கள் நடுத்தரமானவை. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதையாட்டங்கள்தாம் கருவியை மூச்சுத் திணற வைக்கும். 2025இல் வெளிவந்த டூம்: தி டார்க் ஏஜஸ் என்ற ஆட்டத்துக்கு, ஒளிக்கதிர்களின் போக்கைக் கணித்துப் படம் வரையும் ரே டிரேசிங் வசதியும் 8 ஜிபி வரைகலை நினைவகமும் கொண்ட சில்லு குறைந்தபட்சத் தேவையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. இனி வரும் பெரிய ஆட்டங்கள் எந்தத் திசையில் போகும் என்பதற்கு இது ஓர் அடையாளம்.

போட்டி ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவர்கள் ‘கேமிங்’ என்ற அடைமொழியையே மறந்துவிடலாம். ஏஎம்டி ரேடியான் 680எம் அல்லது 780எம் என்ற உள்ளிணைந்த வரைகலையைக் கொண்ட ஒரு சாதாரண மடிக்கணினி, இரண்டு ரேம் துண்டுகளோடு இருந்தால், இந்த ஆட்டங்களை நன்றாகவே ஓட்டும். உள்ளிணைந்த வரைகலைக்குத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகத்தையே அதுவும் பங்கிட்டுக்கொள்கிறது. அதனால்தான் ஒரே துண்டாக 8 ஜிபி இருந்தால் ஆட்டம் தடுமாறுகிறது. எடை குறைவாகவும் பேட்டரி நெடுநேரம் நிற்பதாகவும் உள்ள இத்தகைய கருவி, நாள் முழுவதும் வளாகத்தில் சுற்றும் மாணவருக்கு உண்மையில் மிகவும் ஏற்றது. விற்பனையாளர்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

வரைகலைச் சில்லும் அதன் வாட்டும்

பெட்டியின் மீது என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4050 என்றோ 4060 என்றோ எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் திறன் தெரிந்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் ஒரே பெயரைத் தாங்கிய சில்லு, எந்தக் கருவியில் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து, வேறுபட்ட வேகத்தில் இயங்கும். மடிக்கணினிக்கான 4050, 4060 ஆகிய இரண்டுக்கும் என்விடியா வகுத்த மின்திறன் வரம்பு 35 வாட் முதல் 115 வாட் வரை நீள்கிறது. அதற்குள் எந்த அளவைத் தன் கருவிக்கு ஒதுக்குவது என்பதை மடிக்கணினியைச் செய்யும் நிறுவனமே தீர்மானிக்கிறது. மெல்லிய உடலமைப்பும் சிறிய விசிறியும் கொண்ட கருவியில் 4060ஐப் பொருத்தி அதற்கு 45 வாட் மட்டும் தந்தால், தாராளமாக மின்சாரம் பெறும் 4050 அதை எட்டிப் பிடித்துவிடும். பெயருக்குக் கூடுதலாகக் கொடுத்த சில ஆயிரம் ரேண்டுக்குப் பலன் ஒன்றும் இராது.

இந்த வாட் அளவு டிஜிபி என்ற பெயரில் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில், பல வேளைகளில் மிகச் சிறிய எழுத்தில், கொடுக்கப்பட்டிருக்கும். ‘டைனமிக் பூஸ்ட்’ என்ற பெயரில் கணினியின் செயலி (புராசசர்) அவ்வப்போது விட்டுக்கொடுக்கும் 15 முதல் 25 வாட்டையும் அதோடு கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதை நினைவில் கொள்ளவும். கடையில் கருவி இயங்கும் நிலையில் இருந்தால், என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியில் ‘மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்’ என்ற வரியைப் படிக்கலாம். அதுவும் இயலாவிட்டால் சார்ஜரைக் கையில் எடுத்து அதன் அடியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றிருந்தால் பெருக்கி 230 வாட் என்று அறியலாம். அத்தகைய சார்ஜரைத் தருபவர் சில்லுக்குப் போதிய மின்சாரத்தை ஒதுக்கியிருக்கக்கூடும். 120 வாட் சார்ஜரோடு வரும் கருவியில் சில்லும் செயலியும் அந்த 120 வாட்டைத் திரையோடும் விசிறியோடும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அங்கே பெரிய வேகத்தை எதிர்பார்ப்பது வீண்.

அடுத்தது வரைகலை நினைவகம். இது 4 ஜிபியா, 6 ஜிபியா, 8 ஜிபியா என்பது கருவியின் ஆயுளையே தீர்மானிக்கிறது. நினைவகம் நிரம்பிவிட்டால் ஆட்டத்தின் படங்கள் கணினியின் பொது நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே ஓயாமல் இடம் மாறத் தொடங்கும். அப்போது சராசரி வேகம் ஓரளவு நன்றாகத் தெரிந்தாலும் ஆட்டம் நொடிக்கொரு முறை வெட்டி வெட்டி நகரும். ஆர்டிஎக்ஸ் 2050இலும் பழைய 3050இலும் 4 ஜிபிதான் உண்டு. என் கருத்தில் 2050 கொண்ட கருவியை எந்தத் தள்ளுபடியிலும் வாங்க வேண்டாம். அதன் நினைவகம் சிறியது என்பதோடு அதற்குச் செல்லும் பாதையும் 64 பிட் மட்டுமே. 3050இல் 6 ஜிபி கொண்ட புதிய வடிவம் ஒன்று இருக்கிறது. நடுத்தர ஆட்டங்களுக்கு அது பரவாயில்லை. 80 வாட்டுக்குக் குறையாத 4050ஐ நான் அடிப்படைக் கோடாக வைக்கிறேன். 20,000 ரேண்டையும் அதற்கு மேலும் ஒதுக்க முடிந்தவர்கள் 8 ஜிபி கொண்ட 4060, 5050, 5060 ஆகியவற்றுள் ஒன்றைப் பார்க்கலாம். 5050இன் எண் பெரியது என்பதால் அது 4060ஐ வென்றுவிடும் என்று கொள்ள வேண்டாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே நிரையில் நிற்பவை.

விளம்பரத்தில் காட்டப்படும் வரைபடங்களைப் பற்றியும் ஒரு சொல். புதிய சில்லுகளில், மெய்யாக வரையப்பட்ட இரு படங்களுக்கு இடையில் கணித்து உருவாக்கிய படங்களைச் செருகும் வசதி உண்டு. 5000 வரிசை, ஒரு மெய்ப்படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை இவ்வாறு செருகும். திரையில் அசைவு வழவழப்பாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சுட்டியை அழுத்தியதற்கும் துப்பாக்கி சுடுவதற்கும் இடையிலான தாமதம் இதனால் குறைவதில்லை; சற்றுக் கூடவும் செய்யும். ஆகவே இருமடங்கு, மும்மடங்கு என்று உயர்ந்து நிற்கும் கோடுகளைக் கண்டால், அவை இந்தச் செருகலோடு அளக்கப்பட்டவையா என்று அடிக்குறிப்பைப் படித்துவிட்டு நம்புங்கள்.

வெப்பம்: டர்பனுக்கு ஒன்று, ஜோகன்னஸ்பர்க்குக்கு வேறொன்று

மடிக்கணினியின் செயலி ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி வெப்பத்தை எட்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறியும் வெப்பக் குழாய்களும் நன்றாக இல்லாத கருவியில் முதல் பத்து நிமிடம் ஆட்டம் பறக்கும், பிறகு நடக்கும். இதனால்தான் இரண்டு நிமிடம் மட்டும் ஓடும் சோதனை எண்களுக்கு மதிப்பில்லை. அரை மணி நேரம் தொடர்ந்து ஆடிய பிறகு எடுத்த எண்களைத் தரும் மதிப்பீடுகளையே தேடிப் படிக்க வேண்டும். அவற்றிலும் குளிரூட்டிய அறையில் எடுத்ததா என்று பார்க்கவும். சனவரி, பிப்ரவரி மாதங்களில் டர்பனில் பகல் வெப்பம் சராசரியாக 28 டிகிரியை ஒட்டி நிற்கும், அறை புழுங்கும். ஐரோப்பிய அறையில் 85 டிகிரியில் நின்ற சில்லு, இங்கே குளிரூட்டி இல்லாத அறையில் அதைவிடச் சூடேறும்.

ஜோகன்னஸ்பர்க்கில் காற்று வறண்டது, இரவில் குளிர்ந்தது என்பதால் அங்கே கவலையில்லை என்று தோன்றலாம். ஆனால் அந்நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளிச் செல்லும் வெப்பம் குறைந்துவிடுகிறது. நகரின் தெற்கே லெனேசியாவில் இருப்பவர்களுக்குக் குளிர்காலப் புழுதியும் சேர்ந்துகொள்ளும். மெர்பேங்க், பிளஃப், உம்ஷ்லாங்கா போன்ற டர்பன் கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றுதான் எதிரி. திறந்த சன்னலுக்கு நேரே கருவியை நிரந்தரமாக வைத்திருந்தால் துளைகளும் இணைப்பு முனைகளும் நாளடைவில் அரிக்கப்படும்.

எனவே கடையில் கருவியைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்றை இழுக்கும் துளைகள் அகலமாகவும், வெப்பத்தை வெளியேற்றும் வாய்கள் பின்புறத்திலும் பக்கங்களிலுமாக மூன்று நான்கு இடங்களிலும் இருந்தால் நல்லது. வலப்பக்கம் மட்டுமே வெளியேறும் சூடான காற்று, சுட்டியைப் பிடித்திருக்கும் கையின் மீதே வீசும். 2 கிலோவுக்குக் குறைந்த எடையும் மெல்லிய உடலும் இந்த விலையில் கிடைத்தால் மகிழ வேண்டாம்; குறைத்த எடை பெரும்பாலும் குளிரூட்டும் செம்பிலிருந்துதான் போயிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பின்பக்கத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பதே செலவில்லாத சிறந்த வைத்தியம். மெத்தையின் மீது வைத்து ஆடவே கூடாது.

செயலி, ரேம், சேமிப்பு

செயலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. இந்த விலையில் வரைகலைச் சில்லுதான் முதலில் திணறும். செயலி அதற்குப் பிறகே. இன்டெல் கோர் ஐ5-12450எச், 13420எச் ஆகிய இரண்டும் நான்கு வேகக் கருக்களும் (கோர்) நான்கு சிக்கனக் கருக்களும் கொண்டவை; எண் மாறியதற்காகப் பெரிய தொகை கூட்டிக் கொடுக்க வேண்டாம். ஐ5-13450எச்எக்ஸ் ஆறு வேகக் கருக்களைக் கொண்டது. விலை வேறுபாடு சிறியதானால் அதை எடுக்கலாம். ஏஎம்டியின் 7000, 8000 வரிசைகளில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: 7535எச்எஸ், 7735எச்எஸ் ஆகியவற்றில் அது 3, அதாவது முந்தைய தலைமுறை வடிவமைப்பு, 7840எச்எஸ், 8645எச்எஸ் ஆகியவற்றில் அது 4, புதியது. ரைசன் 7 7435எச்எஸ் என்ற செயலியில் உள்ளிணைந்த வரைகலையே கிடையாது. ஆகவே பாடக் குறிப்பு எழுதும்போதுகூடப் பெரிய வரைகலைச் சில்லு விழித்திருந்து பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். சார்ஜர் இல்லாமல் வகுப்பில் அமரும் மாணவர் இதைத் தவிர்க்க வேண்டும்.

ரேம் 16 ஜிபி இருக்க வேண்டும், அதுவும் 8 ஜிபி கொண்ட இரண்டு துண்டுகளாக இருந்தால் மிக நல்லது. 8 ஜிபி மட்டும் கொண்ட கருவியை மலிவாக வாங்கிவிட்டுப் பிறகு இன்னொரு துண்டைச் சேர்த்துக்கொள்வது நெடுங்காலம் நல்ல யோசனையாக இருந்தது. 2025இன் இறுதியிலிருந்து உலகச் சந்தையில் நினைவக விலை கடுமையாக ஏறிவிட்டதால், இரண்டு தொகையையும் கூட்டிப் பார்த்துவிட்டே இப்போது அந்த முடிவுக்கு வர வேண்டும். ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டதா, துளையில் செருகப்பட்டதா என்பதையும் கேளுங்கள். மூடியைத் திறந்தால் உத்தரவாதம் என்னாகும் என்பதற்குக் கடையிலிருந்து எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல் பழுதுபார்க்கும் மேசையில் செல்லுபடியாகாது.

பெரிய ஆட்டம் ஒன்று 100 ஜிபிக்கு மேல் இடம் பிடிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 512 ஜிபியில் விண்டோஸ் போக, அத்தகைய மூன்று ஆட்டங்களை வைக்கலாம். எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை இரண்டாவதாக ஒன்று காலியாக இருந்தால் அது பிற்காலத்துக்குப் போதுமான பாதுகாப்பு.

திரை

144 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 16.7 மில்லிசெகண்டு காட்டும். 144 ஹெர்ட்ஸ் திரை 6.9 மில்லிசெகண்டில் அடுத்த படத்துக்கு மாறும். இந்த வேறுபாட்டைப் போட்டி ஆட்டங்களில் கண் உணரும். ஆனால் மலிவான கருவிகளில் வேகத்தைத் தந்துவிட்டு நிறத்தையும் ஒளியையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். 250 நிட்ஸ் ஒளியும் 45 விழுக்காடு என்டிஎஸ்சி நிறமும் என்று கண்டால், திரை வெளிறித் தோன்றும் என்றும் டர்பனின் பகல் வெளிச்சத்தில் முகம்பார்க்கும் கண்ணாடியாகிவிடும் என்றும் பொருள். 300 நிட்ஸும், எஸ்ஆர்ஜிபி என்ற நிற அளவில் 100 விழுக்காடும் கிடைத்தால் அதற்குச் சில நூறு ரேண்ட் கூடுதலாகக் கொடுக்கலாம். வீட்டில் ஏற்கெனவே நல்ல மானிட்டர் இருப்பவர்கள் இந்த இடத்தில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம்.

மக்ஸ் ஸ்விட்ச் என்ற ஒன்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத கருவியில், பெரிய சில்லு வரைந்த ஒவ்வொரு படமும் உள்ளிணைந்த வரைகலையின் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வந்து சேரும். அதில் வேகம் ஓரளவு இழக்கப்படுகிறது.

மின்வெட்டும் இணையமும்

லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டு 2023இல் இருந்த அளவுக்குக் கொடுமையாக இப்போது இல்லை என்றாலும், கம்பித் திருட்டாலும் துணைமின் நிலையப் பழுதாலும் மின்சாரம் போவது நம் குடியிருப்புகளில் இன்னும் சாதாரணம். மேசைக் கணினியைவிட மடிக்கணினியை இந்த நாட்டில் பரிந்துரைக்க இது ஒரு நேர்மையான காரணம். மின்சாரம் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த பணி அழிந்துபோகாது. ஆனால் பேட்டரியில் ஆட்டம் ஆடலாம் என்று எண்ண வேண்டாம். சார்ஜர் பிடுங்கப்பட்டவுடன் சில்லின் வாட் அளவு கடுமையாகக் குறைக்கப்படும். அப்படியும் 60 வாட்-மணி பேட்டரி ஒரு மணி நேரத்தை ஒட்டியே தாங்கும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் 1,200 வாட்-மணி உண்டு. அதன் ஆயுளைக் காக்கப் பாதியைத்தான் பயன்படுத்த வேண்டும். மாற்றத்தில் வீணாவது போக ஏறத்தாழ 500 வாட்-மணி மிஞ்சும். ஆடும்போது 200 வாட் இழுக்கும் கருவிக்கு அது இரண்டரை மணி நேரம். லித்தியம் பேட்டரியானால் இன்னும் கூடும். தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரையே பயன்படுத்துங்கள். போன மின்சாரம் திரும்பி வரும்போது எழும் அதிர்வைத் தாங்க சர்ஜ் பாதுகாப்புள்ள பிளக் ஒன்று கட்டாயம் வேண்டும். கருவியின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைச் செலவு. இணைய ரவுட்டருக்குத் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் இல்லாவிட்டால், மடிக்கணினி விழித்திருந்தும் ஆட்டம் அறுந்துபோகும்.

ஆட்டத்தில் ஏற்படும் தாமதத்துக்கெல்லாம் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா ஆகியவற்றுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் சர்வர் உண்டு. டர்பனிலிருந்து அங்கே போய்வர மிகக் குறைந்த நேரமே ஆகும். ஐரோப்பாவில் உள்ள சர்வரோடு இணையும் ஆட்டத்தில் 150 மில்லிசெகண்டை ஒட்டிய தாமதம் இருந்தே தீரும்; 50,000 ரேண்ட் கொடுத்து வாங்கிய கருவியாலும் கடலடிக் கம்பியின் நீளத்தைக் குறைக்க முடியாது. நம்மால் செய்யக்கூடியது, ஈதர்நெட் துளை உள்ள கருவியைத் தேர்ந்து கம்பி வழியே இணைப்பதுதான். மெல்லிய கருவிகள் சிலவற்றில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள்.

எங்கே, எப்போது, எந்த நிபந்தனையில்

கடையில் காட்டும் விலையில் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி அடங்கியிருக்கும். தீபாவளி முடிந்த சில வாரங்களில் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனை வருவதால் பலரும் நவம்பர் வரை காத்திருக்கிறார்கள். காத்திருக்கலாம், ஆனால் குறிவைத்த கருவியின் விலையை அக்டோபரிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏற்றிப் பிறகு இறக்கிய விலையை அப்போதுதான் கண்டுகொள்ள முடியும். எவ்டெக், டேக்அலாட், இன்கிரெடிபிள், மேக்ரோ, 2024 மே மாதம் தொடங்கிய அமேசானின் தென்னாப்பிரிக்கத் தளம் ஆகியவற்றை ஒப்பிடும்போது, மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு திரையும் வெவ்வேறு வாட்டும் கொண்ட வடிவங்கள் விற்கப்படுகின்றன. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் விண்டோஸ் இல்லாமல் விற்கிறார்களா என்று பாருங்கள். லினக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்றால், வேலரன்டும் ஃபோர்ட்நைட்டும் அதில் ஓடாது.

கையில் முழுத் தொகை இல்லாதவர்கள் கடைக் கடனைவிட, தவணை முடியும்வரை பொருளைக் கடையே வைத்திருக்கும் லே-பை முறையை முதலில் விசாரிக்கட்டும். அதில் பொதுவாக வட்டி இல்லை. கடனில் வாங்கினால் மாதத் தவணையை மட்டும் பார்க்காமல், கட்டணமும் காப்புறுதியும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு கட்டப் போகிறோம் என்பதைக் கேட்டுப் பெறுங்கள். 18,000 ரேண்ட் கருவி 26,000 ஆகும் என்றால், ஓராண்டு பொறுத்துச் சேமித்து வாங்குவதே மேல்.

சட்டம் நமக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. இணையத்தில் வாங்கிய பொருளைக் கைக்கு வந்த 7 நாட்களுக்குள், காரணம் சொல்லாமலே, திருப்பிக் கொடுக்கும் உரிமையை 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு, பரிமாற்றச் சட்டம் வழங்குகிறது. திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் வாங்கியவரே. பழுதுபார்த்துத்தான் தருவோம் என்று கடையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு இந்த உரிமையைப் பறிக்காது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, கருவியை நாமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா, அவர்கள் வந்து எடுப்பார்களா என்றும் கேளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருப்பவருக்கு ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ராண்டில் உள்ள பணிமனை பயன்படாது.

சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வழியாக வாங்கி வரச் சொல்வது நம்மிடையே வழக்கம். மடிக்கணினியைப் பொறுத்தவரை இதில் இலாபம் குறைவு. இந்தியாவில் ஜிஎஸ்டி 18 விழுக்காடு; இங்குள்ள வரியைவிட அதிகம். பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய புதுப் பொருள்களின் மதிப்பு 5,000 ரேண்ட். அதற்கு மேல் 20,000 ரேண்ட் வரை 20 விழுக்காடு ஒரே வீதத்தில் கட்டலாம். உத்தரவாதம் பல வேளைகளில் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும்.

பழைய கருவியை வாங்குவதானால்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் பழைய மடிக்கணினியை எல்லாப் பக்கமும் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். தனியாரிடம் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்ற நிபந்தனையில், இருக்கிறபடியே வாங்கினால் மேற்சொன்ன 6 மாதப் பாதுகாப்பு கிடையாது. விண்டோஸ் தயாரித்துத் தரும் பேட்டரி அறிக்கையில், வடிவமைத்த கொள்ளளவையும் இப்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள்; மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசலாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத கருவியை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரு பாதுகாப்பு வசதிகளும் இயங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். ஆட்டம் ஒன்றை இருபது நிமிடம் தொடர்ந்து ஓட்டிக் காட்ட மறுக்கும் விற்பவரிடம் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். அசல் ரசீதும் தொடர் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று பின்னர் தெரிந்தால் கருவியும் போகும், பணமும் போகும்.

வாங்கிய முதல் வாரம்

புதிய கருவியானால் அந்த 7 நாட்களை வீணாக்காமல் சோதனைக்குப் பயன்படுத்துங்கள். முதல் நாள் விண்டோஸ், வரைகலை டிரைவர், பயோஸ் எனும் அடிப்படை மென்பொருள் மூன்றையும் புதுப்பித்துவிட்டு, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரையை முழு நிறத்தில் நிரப்பிச் செத்த புள்ளிகளைத் தேடுங்கள். பிறகு நீங்கள் உண்மையில் ஆடப்போகும் ஆட்டத்தையே, வழக்கமாக ஆடும் அறையில், சார்ஜரைச் செருகிய நிலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, வெப்பத்தையும் சில்லின் வாட் அளவையும் என்விடியாவின் மேல்திரைக் காட்டியில் கவனியுங்கள். விளம்பரத்தில் 95 வாட் என்றிருந்தது 60ஐத் தாண்டவே இல்லை என்றால், கருவியோடு வந்த கட்டுப்பாட்டு மென்பொருளில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையைத் தேர்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். அட்டைப் பெட்டியை அதுவரை எறிய வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தால் தொடர் எண்ணைப் படமெடுத்து, ரசீதோடு சேர்த்து உங்கள் வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பி, ‘ஆல் ரிஸ்க்’ பிரிவில் கருவியைத் தனியாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுப் பொருள்களுக்கான பொதுக் காப்புறுதி, டாக்சியிலோ வளாகத்திலோ பறிபோகும் மடிக்கணினிக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை.